தளம் போட்ட நாளிலிருந்து குடிபுகும் நாள் வரை: எந்த வேலையை அவசரப்படுத்துவது?

கேள்வி சுருக்கமாக இது: "1,000 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு கட்டுகிறோம். தூண்கள் எழுந்துவிட்டன. ஐப்பசியில் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடப் போகிறோம். அதிலிருந்து 90 நாளில், தை முகூர்த்தத்தில் குடிபுக வேண்டும். முடியும் என்கிறார் ஒப்பந்தக்காரர். நான் எல்லா வேலைகளையும் எக்செலில் எழுதி நாட்களைக் கூட்டினால் 130-ஐத் தாண்டுகிறது. டைல்ஸ் வேலைக்கு இன்னும் ஆள் போட்டால் நாள் குறையுமா?"

டைல்ஸ் வேலைக்கு எத்தனை ஆள் போட்டாலும் ஒரு நாள்கூடக் குறையாது. ஒப்பந்தக்காரர் இப்போது வைத்திருக்கும் ஏற்பாட்டில் 90 நாளும் நடக்காது. நீங்கள் அனுப்பிய வேலை நாட்களை வைத்து நான் போட்ட கணக்கில் 96 வருகிறது. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் 86 ஆகும். அவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் 90-க்குள் வராது. எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கூட்டல். எல்லா வேலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டியிருக்கிறீர்கள். ஆசாரி பட்டறையில் கதவு நிலை இழைத்துக்கொண்டிருக்கும்போதே தளம் இறுகிக்கொண்டுதானே இருக்கிறது? ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "இதைத் தொடங்குவதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்?" என்று எக்செலில் ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். அதுதான் சார்பு. நாட்களைவிட அந்த நெடுவரிசையை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை சார்புகளின் வழியே போகும் சங்கிலிகள் பல இருக்கும். அவற்றில் மிக நீளமானது எதுவோ அதுதான் கிரிட்டிகல் பாத், அதாவது நெருக்கடிப் பாதை. அதன் நீளம்தான் உங்கள் வீடு முடியும் நாள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். கான்கிரீட் போடும் நாளை 0 என்று வையுங்கள். பீமுக்கு அடியில் உள்ள முட்டுகளைப் பிரிக்க 14 நாள். பிறகு செங்கல் சுவர் 12 நாள், அதாவது 26-ஆம் நாள் வரை. சுவர் இறுக 4 நாள் விட்டு, 30-ஆம் நாள் காடி வெட்டி எலெக்ட்ரிக் பைப்பும் தண்ணீர் பைப்பும் பதிக்கத் தொடங்கினால் 6 நாளில், 36-இல் முடியும். உள்பூச்சு 12 நாள், 48 வரை. பூச்சு உலர 28 நாள், 76 வரை. பட்டி பார்த்து பிரைமரும் முதல் கோட்டும் அடிக்க 10 நாள், 86. ஸ்விட்ச், விளக்கு, குழாய்கள் பொருத்த 4 நாள், 90. கடைசி கோட் 4 நாள், 94. சுத்தம் செய்ய 2 நாள். ஆக 96.

இந்த 96-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆட்கள் வேலை செய்யும் நாட்கள் 50. மீதி 46 நாள், அதாவது 14-ம் 4-ம் 28-ம், யாரும் எதுவும் செய்யாமல் கான்கிரீட்டும் சுவரும் பூச்சும் தம் வேலையைச் செய்துகொள்ளும் நாட்கள். வீட்டு உரிமையாளர்கள் எழுதும் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். "வேலை" என்ற தலைப்பில் ஆள் செய்வதை மட்டும் எழுதுகிறார்கள். காத்திருப்புக்கும் ஒரு வரி கொடுங்கள், அதற்கும் நாள் போடுங்கள்.

அந்த 14 நாளைக் குறைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிமுறையான ஐ.எஸ். 456 : 2000, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்கிறது. அந்த 7-ஐத்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். அதே விதிமுறை, 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுகளுக்கு 14 நாளும் அதற்கு மேல் நீளமான பீமுக்கு 21 நாளும் கேட்கிறது. கடையில் நீங்கள் வாங்குவது பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசலானா) சிமென்டாக இருந்தால் வலு இன்னும் மெதுவாக ஏறும். எனவே உங்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு அவர் சொல்லும் நாளை எழுதுங்கள். அவர் 18 என்றால் 18 தான், குடிபுகும் நாளும் 4 நாள் தள்ளிப்போகும். இந்த வரியில் யாரிடமும் பேரம் பேசாதீர்கள்.

நெருக்கடிப் பாதையில் இல்லாத வேலைகளுக்குத் தளர்வு உண்டு, அதாவது அத்தனை நாள் தாமதமானாலும் வீடு முடியும் நாள் மாறாது. ஆங்கிலத்தில் ஃப்ளோட் என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க, கணக்கைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். டைல்ஸை எடுத்துக்கொள்வோம். உள்பூச்சு 48-இல் முடிந்து, 7 நாள் தண்ணீர் காட்டிய பிறகு 55-இல் டைல்ஸ் தொடங்கலாம். 10 நாள் வேலை, 65-இல் முடியும். அடுத்து கதவு மாட்டுவது 4 நாள், 69. இவை இரண்டும் கடைசி கோட்டுக்கு முன், அதாவது 90-ஆம் நாளுக்குள் முடிந்தால் போதும். ஆக 21 நாள் தளர்வு. டைல்ஸ் ஆட்களை இரட்டிப்பாக்கி 5 நாளில் முடித்தாலும், தளர்வு 26 ஆகுமே தவிர வீடு அதே 96-இல்தான் முடியும்.

ஆனால் அந்த 21 நாள் டைல்ஸுக்கும் கதவுக்கும் பொதுவானது. டைல்ஸ்காரர் "எனக்கு மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது" என்று வேறு இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கதவு மாட்டும் ஆசாரிக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. தளர்வு எவ்வளவு என்பதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆட்களுக்குத் தொடங்கும் நாளையும் முடிக்கும் நாளையும் சொல்லுங்கள். தளர்வு உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி கதவு நிலைக்கு வருவோம். மரம் வாங்கி, இழைத்து, நிலை செய்ய ஆசாரி 10 நாள் கேட்டிருக்கிறார். சுவர் 14-இல் தொடங்குவதால் 4 நாள் தளர்வு இருக்கிறது. ஆனால் ஆசாரி வேலையை ஒரே எண்ணில் நம்பிவிட முடியாது. 1958-இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில், இப்படிப்பட்ட வேலைகளுக்கு மூன்று எண்கள் கேட்பார்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மிக மோசமானால் எத்தனை. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். உங்கள் ஆசாரிக்கு 7, 10, 25 என்று வைத்தால் 12 வருகிறது. 12 என்றால் பிரச்சினையில்லை, 14-க்குள் அடங்கிவிடும். ஆனால் மரம் காயவில்லை, அளவு மாறிவிட்டது என்று உண்மையிலேயே 25 ஆனால், வீடு 11 நாள் தள்ளிப்போகும். சராசரி நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், மரத்தை இந்த வாரமே வாங்கிப் பட்டறையில் இறக்கிவிடுங்கள்.

நிலை வைக்க நல்ல நாள் பார்ப்பதும் ஒரு சார்புதான். நாள்காட்டியால் வரும் சார்பு. நல்ல நாள் 18-ஆம் நாள்தான் கிடைக்கிறது என்றால் அதற்காகச் சுவர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. தலைவாசல் இருக்கும் சுவரை மட்டும் கடைசியாக எழுப்பச் சொல்லுங்கள். 12 நாள் சுவர் வேலையில் முதல் 4 நாளைக்குப் பின்பக்கமும் பக்கவாட்டும் தாராளமாகப் போதும்.

இப்போது முக்கியமான இடம்: வெளிப்பூச்சு. தாளில் பார்த்தால் அதற்கு எந்த நெருக்கடியும் இல்லை. பைப் பதிக்கும் வேலையை அது சார்ந்திருக்கவில்லை. 30-இல் தொடங்கி 10 நாளில் 40-இல் முடிக்கலாம். 28 நாள் உலரவிட்டு 68-இல் வெளிப் பெயின்ட் தொடங்கினால் 8 நாளில் 76. சுத்தம் செய்யும் வேலை 94-இல்தான் தொடங்குகிறது என்பதால் 18 நாள் தளர்வு. இதைப் பார்த்துத்தான் ஒப்பந்தக்காரர் "வெளியே பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்.

ஆனால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு கொத்தனார் குழு. உள்பூச்சை 48-இல் முடித்துவிட்டுத்தான் அவர்கள் சாரத்தில் ஏறுவார்கள். அப்படியானால் வெளிப்பூச்சு 58-இல் முடியும், உலர்வது 86-இல், பெயின்ட் முடிவது 94-இல். தளர்வு 18 நாளிலிருந்து பூஜ்யமாகிவிட்டது! எந்த வேலையும் மாறவில்லை, எந்த நாளும் கூடவில்லை. இரண்டு வேலைகளுக்கும் ஒரே ஆட்கள் என்ற ஒரே ஒரு சார்பைச் சேர்த்ததும் இரண்டாவது நெருக்கடிப் பாதை உருவாகிவிட்டது. அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வீட்டுக்கு வெளியே. ஒரு வாரம் மழை பிடித்தால் குடிபுகும் நாளும் ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். பொருளின் தன்மையால் வரும் சார்புகளை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். ஆட்களாலும் சாரத்தாலும் வரும் சார்புகளை எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு ஆச்சரியப்படுகிறார்கள்.

மூன்றாவது வகைச் சார்பு ஒன்றும் இருக்கிறது: வழக்கத்தால் வருவது. "வீடு முழுக்கப் பைப் பதித்த பிறகுதான் பூச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? ஒரு அறையில் பைப் முடிந்தால் அந்த அறையைப் பூசலாமே. "வீடு முழுக்கப் பூச்சு உலர்ந்த பிறகுதான் பட்டி" என்பதும் அப்படியே. இத்தகைய சார்புகள் ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பொருளின் தன்மையால் வந்ததா, ஆள் பற்றாக்குறையால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா? நாட்களைக் குறைக்க முடிகிற இடம் பெரும்பாலும் மூன்றாவது வகையில்தான் இருக்கிறது, அதற்குச் செலவும் குறைவு.

வீட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டேன். பைப் பதிக்கத் தொடங்கி 3 நாள் கழித்து, 33-இல் பூச்சு தொடங்குகிறது. பகுதிக்கு 3 நாள் வீதம் 36, 39, 42, 45 ஆகிய நாட்களில் நான்கு பகுதிகளும் முடிகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே 28 நாள் உலர்ந்து 64, 67, 70, 73-இல் பட்டிக்குத் தயாராகின்றன. பட்டி வேலை பகுதிக்கு இரண்டரை நாள். கடைசிப் பகுதி 76-க்குள் முடிந்துவிடும். முன்பு 86-இல் முடிந்த வேலை இது. அதன் பிறகு பொருத்தும் வேலை 80, கடைசி கோட் 84, சுத்தம் 86. பத்து நாள் மிச்சம். உலரும் காலத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டைல்ஸும் இதில் சரியாக உட்காருகிறது: 52-இல் தொடங்கி 62-இல் முடியும், பட்டி 64-இல்தான் வருகிறது. தரையை மட்டும் பாலிதீன் விரித்து மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டி தேய்க்கும் தூள் டைல்ஸ் இடுக்குகளில் இறங்கிவிடும்.

ஆனால் இதை மட்டும் செய்தால் வீடு 86-இல் முடியாது. உள்பூச்சு 45-இல் முடிந்ததும் அதே குழு வெளியே போனால் வெளிப்பூச்சு 55, உலர்வது 83, பெயின்ட் 91, சுத்தம் 93. உள்ளே பத்து நாள் சுருக்கியும் கையில் கிடைப்பது மூன்றே நாள். நெருக்கடிப் பாதை உள்ளேயிருந்து வெளியே இடம் மாறிவிட்டது.

சரி, வெளிப்பூச்சுக்கு இரண்டாவது கொத்தனார் குழுவை மட்டும் கொண்டுவந்தால்? வெளிப்பாதை 76-இல் முடிந்துவிடும், உள்பாதை பழையபடி 96-இலேயே நிற்கும். கூலி கொடுத்தும் ஒரு நாள்கூடக் குறையாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் 86. தனியாக மூன்று, தனியாக பூஜ்யம், சேர்ந்தால் பத்து. இதை யாராலும் மனக்கணக்காகச் சொல்ல முடியாது. படம் போட்டுப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இந்த நெருக்கடிப் பாதை முறை பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். 1950-களில் டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, யுனிவாக் கணினியை வைத்து இதை உருவாக்கினார்கள். வேலை தாமதமானால் எல்லாப் பிரிவுகளுக்கும் கூடுதல் நேரக் கூலி கொடுத்து எல்லோரையும் விரட்டுவதுதான் அதுவரை நடந்துவந்தது. எந்த வேலைக்குப் பணம் கொடுத்தால் முடியும் நாள் உண்மையில் முன்னே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்பதுதான் அவர்களுக்கு முன்னிருந்த சிக்கல். உங்கள் வீட்டில் அந்தப் பணம் போக வேண்டிய இடம் வெளிப்பூச்சுக்கான இரண்டாவது குழு. அதையும் அறை அறையாகப் பூசுவதற்கு ஒப்பந்தக்காரர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

ஒன்றை நான் அனுமானமாக வைத்திருக்கிறேன்: பெயின்ட் வேலைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் ஆட்கள் கிடைப்பார்கள் என்று. பெயின்டர்கள் ஆள் கூட்டிக்கொண்டு வருவது வழக்கம்தான். இருந்தாலும் ஒப்பந்தக்காரரிடம் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரே குழு என்றால் கொத்தனார் கதைதான் மறுபடியும் நடக்கும்.

28 நாள் உலரும் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி நேரத்தில் கைவைக்கத் தோன்றுவது அதில்தான். புதுப் பூச்சுக்குப் பெயின்ட் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இது. ஈரமிருக்கும் சுவரில் பட்டி போட்டால் உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளித்து உரியும். மழைக்காலத்தில் 28 நாளும் போதாமல் போகலாம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். குளியலறைப் பக்கச் சுவரிலும், வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் கட்டாயம் பாருங்கள். ஜன்னல்களை மூடிவைக்காமல் காற்றோட விட்டால் அந்த 28 நாள் உண்மையிலேயே 28 நாளாக இருக்கும்.

நாட்களை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையிலும் வரமாட்டார்கள். கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் விடுமுறை கிடையாது. எனவே விடுமுறைகள் காத்திருப்பு நாட்களுக்குள் விழுமாறு திட்டமிட்டால் அவை செலவில்லாமல் கழிந்துவிடும். தீபாவளி பெரும்பாலும் ஐப்பசியில்தான் வருகிறது. அதற்குச் சில நாட்கள் முன்பே தளம் போட்டுவிட்டால், ஆட்கள் ஊருக்குப் போய்வரும் ஒரு வாரம் அந்த 14 நாளுக்குள் அடங்கிவிடும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பீர்கள், அது வற்றாமல் பார்த்துக்கொள்ள மட்டும் பக்கத்திலிருக்கும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிறகு தளம் போடுவதாக இருந்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

பொங்கல் இதற்கு நேர்மாறு. 86 நாள் திட்டத்தில் 73-ஆம் நாளுக்குப் பிறகு காத்திருப்பே கிடையாது, எல்லாம் ஆள் வேலை. தை முகூர்த்தத்துக்கு முன்னால் பொங்கல் விடுமுறை அங்கேதான் வந்து விழும். 90-க்கும் 86-க்கும் இடையில் நீங்கள் சேர்த்துவைத்த 4 நாளையும் அது எடுத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் 8 நாள் தளர்வு இருக்கிறது, சுமாரான மழையை அது தாங்கும். உள்ளே எதுவும் மிச்சமில்லை.

ஆகவே முகூர்த்தப் பட்டியலை எடுத்து, தை கடைசி வாரத்தில் ஒரு நாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே பத்திரிகையில் அச்சிடுங்கள். முதல் முகூர்த்தம்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், ஒப்பந்தக்காரரிடம் தளம் போடும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை மூன்று: 30-ஆம் நாள் வெளிப்பூச்சுக்குத் தனிக் குழு வருமா, சாரம் அன்றைக்குத் தயாராக இருக்குமா, எலெக்ட்ரீஷியன் முதல் மூன்று நாளில் எந்த அறைகளை முடித்துக் கொடுப்பார். மூன்றாவதைச் சுவரிலேயே சுண்ணாம்புக்கட்டியால் அறை எண்ணாக எழுதிவிடுங்கள். கொத்தனாரும் அதே வரிசையில் வர வேண்டும், பட்டி பார்ப்பவரும் அதே வரிசையில் வர வேண்டும். வரிசை மாறினால் மேலே போட்ட 64, 67, 70, 73 கணக்கு நிற்காது. வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முடிந்த வேலைகளின் உண்மையான நாட்களைப் போட்டு, மீதியைத் திரும்பக் கணக்கிடுங்கள். தளர்வு 3 நாளுக்குக் கீழே இறங்கும் எந்த வேலையையும், அது நெருக்கடிப் பாதையில் இல்லாவிட்டாலும், இருப்பதாகவே வைத்துப் பாருங்கள்.